கோயில் ஸ்பீக்கரில் வெளியான கட்டுரை

கைபேசியில் இணையம் பார்ப்பது எப்படி, கட்டுரை எழுதுவது எப்படி, எழுதியதைத் தொலைக்காமல் சேமிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். அப்படிப்பட்ட எனக்கு, கோயில் பாட்டையும் என் கட்டுரையையும் தனித்தனி ஃபோல்டரில் போடவேண்டும் என்று தோன்றவில்லை. இந்த ஒரு சின்ன விஷயத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் ஓர் இணைய எழுத்தாளர் (அப்படித்தான் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்). சொந்தமாக ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். அதில் கைபேசிக் குறிப்புகள் எழுதுவேன். விளம்பரத் தொல்லை இல்லாமல் ஒரு பக்கத்தைப் படிப்பது எப்படி, நெட் இல்லாத இடத்தில் படிக்கச் சேமித்து வைப்பது எப்படி, இப்படி. மொத்தம் பதினேழு வாசகர்கள். அதில் நாலு பேர் நானே, வேறு வேறு ஐடியில்.

என்னுடைய குறிப்புகளிலேயே தலைசிறந்தது என்று நான் பீற்றிக்கொண்டது ஒன்று உண்டு. எழுதியதை வெளியிடும் முன்பு கண்ணால் படிக்காதீர்கள், காதால் கேளுங்கள். படித்துக் காட்டும் செயலி ஒன்றில் கட்டுரையைப் போட்டால் அதற்குள் இருக்கும் அம்மா கடகடவென்று படித்துவிடுவார். அதை ஆடியோவாகச் சேமித்துக்கொண்டு பஸ்ஸில் கேட்டால் எங்கே வாக்கியம் இடறுகிறது என்று தெரிந்துவிடும். நல்ல குறிப்புதான். இன்றைக்கும் சொல்வேன். என்ன, பஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

எனக்கும் அமலுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. அமல் பாண்டியில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, செஞ்சியில் உரக்கடை வைத்திருந்தார். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஊர்களிலேயே உரக்கடை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான் (இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை). அவர்கள் ஊர் அனந்தபுரம் பக்கம். எங்கள் ஊர்க் கோயில்தான் இரண்டு ஊருக்கும் பங்குக் கோயில். அவரை மாமா என்று அப்போதே கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

நிச்சயத்தன்று பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

"ஸ்டெல்லா, நீ போன்ல பெரிய ஆளுன்னு அமலு சொன்னான். இது ரொம்ப ஸ்லோவா இருக்குதும்மா. இன்னான்னு பாரேன்."

பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். அந்த போனுக்குள் இருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, சரிசெய்து, பணிவாகத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத விஷயம் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவளுக்கு ஒரே போனில் ஐந்து குறிப்புக்கு விஷயம் கிடைத்தால் விடுவேனா? பெயரை மட்டும் போடவில்லை. "எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர்" என்று எழுதினேன். என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இனி கோயில் சங்கதிக்கு வருகிறேன். கத்தோலிக்கர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. மூன்றாவது ஓலைக்குள் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் தப்பித்தோம். எங்களுக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ஓலை ஞாயிறு. மாமா குடும்பத்தோடு வந்து ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அமலுக்கு அன்றைக்கு டியூட்டி, வரவில்லை. பூசைக்கு முன்னால் பாட்டுப் போடுவது என் பொறுப்பு. முன்பெல்லாம் பென்டிரைவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் "என் போன்லயே போடலாம், லேட்டஸ்ட் பாட்டுலாம் இருக்குது" என்று முன்னேற்றத்தைக் கொண்டுவந்தேன்.

கோயிலின் பின்னறையில் ஒரு மர பீரோ. அதற்குள் ஆம்ப்ளிஃபையர். ஒரு திருவிழாவின்போது எவனோ நுழைந்து சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டதிலிருந்து, கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அந்த பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்வார். போனை வயரில் மாட்டி, பாட்டை ஓடவிட்டு, பீரோவுக்குள் வைத்தால் அவர் பூட்டிவிடுவார். பூசை ஆரம்பிக்கும்போது அவரே திறந்து நிறுத்துவார். மாதக்கணக்கில் இப்படித்தான் நடந்தது, ஒரு குறையும் இல்லாமல்.

அன்றைக்கு நான் போட்டது மூன்று பாட்டு. மூன்றாவது முடிவதற்குள் பங்குச் சாமியார் வந்துவிடுவார் என்று கணக்கு. ஆனால் பக்கத்து ஊர் பூசை முடித்து வந்த அவருடைய பைக் வழியில் பஞ்சர். போன் வந்ததும் உபதேசியார் மொபெட்டை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிவரப் போய்விட்டார். இடுப்பில் சாவியோடு.

மூன்றாவது பாட்டு முடிந்தது. நான் பெண்கள் பக்கம் முட்டிபோட்டு, கண்ணை மூடி, கல்யாணம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் போன், டவுன்லோடு ஃபோல்டரில் அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்து அதைப் போட்டது.

"கைபேசியில் இணையம் பார்ப்பவர்கள் செய்யும் ஐந்து தவறுகள்."

கோயிலுக்குள் நாலு ஸ்பீக்கர் பெட்டி, வெளியே வேப்பமரத்தில் இரண்டு கூம்பு. அந்த அம்மாவின் குரல் ஊர் முழுக்கக் கணீரென்று கேட்டது. எனக்குக் கண் திறந்தது, வாய் திறந்தது, முட்டி மட்டும் எழவில்லை. சனங்கள் ஏதோ அரசாங்க அறிவிப்பு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தவறு ஒன்று. திறந்த பக்கங்களை மூடாமல் விடுவது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீட்டைப் பூட்டுவார், கடையைப் பூட்டுவார், மாட்டுக் கொட்டகையைக் கூடப் பூட்டுவார். போனில் மட்டும் ஒரு பக்கத்தையும் மூடமாட்டார். தொண்ணூறு பக்கங்கள் திறந்து கிடந்தால் போன் எப்படி ஓடும்? கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம்."

(நான் போட்டிருந்த பொம்மைகளையும் அந்த அம்மா விடாமல் படித்தார். கடமை தவறாதவர்.)

முதல் வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். மாமாதான். பக்கத்திலிருந்தவர் தொடையில் தட்டி, "எவன்டா அவன்?" என்றுகூடக் கேட்டார். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான சிரிப்பை நான் கேட்டதில்லை.

எழுந்து பின்னறைக்கு ஓடினேன். பீரோவை இழுத்தேன். தேக்கு. அசையவில்லை. உள்ளேயிருந்து என் போனின் வெளிச்சம் மட்டும் இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"தவறு இரண்டு. வரும் இணைப்புகளை எல்லாம் அழுத்துவது. நமது பெரியவருக்கு இதுவரை மூன்று கார்கள் பரிசு விழுந்திருக்கின்றன. ஆனாலும் பழைய ஸ்கூட்டரில்தான் தன் உரக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கண்ணீருடன் சிரிக்கும் முகம்."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். சிரிப்பு நின்றிருந்தது. முதலில் முதல் வரிசை, அப்புறம் அடுத்தடுத்த வரிசை என்று மொத்தக் கோயிலும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைப் பெற்ற அம்மா பின்னாலேயே ஓடிவந்திருந்தாள்.

"அடிப்பாவி, இது உன் போனா?"

"ஆமாம்மா."

"நிறுத்தித் தொலையேன்டி!"

"சாவி உபதேசியார்ட்ட இருக்குதும்மா."

அம்மாவுக்கு அறிவு என்னைவிட வேகம். மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கு அணைந்தது. ஃபேன் எல்லாம் நின்றது. ஆம்ப்ளிஃபையர் நிற்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்குத்தான் கோயிலுக்குப் புதிய இன்வெர்ட்டர் வந்திருந்தது, கரண்ட் போனாலும் பிரசங்கம் தடைபடக்கூடாது என்று. அதன் மேல் சிவப்பு பெயிண்டில் உபயம் என்று எழுதி, கீழே மாமாவின் பெயர். ஃபேன் சத்தமும் நின்றுபோனதால் அந்த அம்மாவின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"தவறு மூன்று. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளத் தெரியாமல் இருப்பது. நமது பெரியவர் பூச்சிமருந்து பாட்டிலைப் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் போனைப் படிக்கிறார். செட்டிங்ஸில் போய் எழுத்தளவை மாற்றினால் போதும்."

"தவறு நான்கு. தேடும்போது கடிதம் எழுதுவது. தேட இரண்டு மூன்று சொற்கள் போதும். பெரியவர் எழுதியதைக் கேளுங்கள். ஐயா, வணக்கம், மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், ஒரு மாதத்தில் தொப்பை குறைய வழி உண்டா, ஓடச் சொல்லாமல் பதில் போடவும், இப்படிக்கு, என்று கீழே பெயரும் போட்டிருக்கிறார். கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம். கண்ணீருடன் சிரிக்கும் முகம்."

பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்தும் சலசலப்பு. நான் பீரோவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது தவறு என்ன என்று எனக்குத் தெரியும். எழுதினவள் நான்தானே.

"தவறு ஐந்து. ஆளிடம் கேட்கவேண்டியதை இணையத்திடம் கேட்பது. வீட்டுக்கு வரப்போகும் மருமகளுக்கு என்ன பிடிக்கும், என்று பெரியவர் தேடியிருக்கிறார். இணையம் என்ன ஜோசியக்காரனா? அந்தப் பெண் எங்கேயோ அமெரிக்காவிலா இருக்கிறாள்? நேரில் போய்க் கேட்டால் சொல்லப்போகிறாள்."

எழுதும்போது இதைத்தான் உச்சக்கட்ட நகைச்சுவை என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டுவிட்டு நானே சிரித்தேன். கோயிலில் கேட்டபோதுதான் அந்த மனுஷன் என்ன தேடியிருக்கிறார் என்பதே எனக்கு உறைத்தது. இரண்டும் ஆண் பிள்ளைகள். வீட்டில் பெண் பிள்ளை வளர்த்த பழக்கம் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடியிருக்கிறார். அதை நான் ஊர் சிரிக்க வைத்துவிட்டேன். அந்த பீரோவுக்குள் என்னையும் வைத்துப் பூட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

பின்னறைக் கதவு திறந்தது. மாமா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக இன்வெர்ட்டரிடம் போய், அதன் பின்பக்கம் கைவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் லைனையே துண்டிக்கும், எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பொத்தானை அழுத்தினார். குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. மெயின் சுவிட்சைத் தானே ஏற்றிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடத்தில் சாமியார் வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பூசை முடிவில் கணீரென்று இரண்டாவது ஓலையை வாசித்தார். "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்" என்ற இடத்தில் மொத்தக் கோயிலும் மாமா பக்கம் திரும்பியது. இந்த வாக்கியத்தை இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு கவனமாகக் காதில் வாங்கியிருக்கமாட்டார்கள். அவர் சிலுவையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர்களுக்காகச் செய்த இட்லி அப்படியே இருந்தது.

அடுத்த வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். அம்மா என்னிடம் பேசவில்லை, மாதாவிடம் மட்டும் பேசினாள், அதுவும் எனக்குக் கேட்கிற மாதிரி. என் நைனா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "படிக்க வச்சது என் தப்பு." சென்டரில் பிறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒருவர், "ஏம்மா, அந்த மூணு கார் பரிசு விழுந்தவரு யாரு?" என்று கேட்டார். அமல் ராத்திரி பகல் பார்க்காமல் போன் செய்தார்.

"மாமா இன்னாங்க சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல ஸ்டெல்லா. அதான் பயமா இருக்குது. திட்டுனா பரவால்ல. கடைக்குப் போறாரு, வர்றாரு, சாப்புடுறாரு, படுத்துக்குறாரு."

"கல்யாணம்?"

"மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லி சாமியார்ட்ட போறாரான்னு அம்மா தினமும் வண்டியப் பாத்துகினு இருக்குறாங்க."

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இணைய எழுத்தாளர் அல்லவா? ஒரு வரி வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இணையத்தில் தேடினேன். "ஐயா, வருங்கால மாமனாரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டேன், அவர் மனம் புண்படாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி, தயவுசெய்து உதவவும்." தலைமை ஆசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதும் முறை வந்தது. அதற்குக் கீழே மின்வாரியத்துக்குப் புகார்க் கடிதம். தட்டி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், நாலாவது தவறையும் ஐந்தாவது தவறையும் ஒரே வரியில் செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்டரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உரக்கடைக்கு நடந்தேன். ஐந்து நிமிட தூரம். அதற்குள் மூன்று தடவை திரும்பி வந்தேன்.

கடையில் யூரியா மூட்டைமேல் இரண்டு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் மற்றவரை இடித்து எழுப்பி, மருந்து அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் வெளியே போய்விட்டார்கள். மாமா நாற்காலியில் இருந்தார். எழவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாமா" என்றேன். பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் மேசைமேல் இருந்த பில் புத்தகத்தை நேராக்கினார். திரும்பவும் நேராக்கினார்.

"ஊரு சிரிச்சுது. சிரிக்கட்டும். கடைக்கு வர்றவன்லாம் தொப்பை கொறஞ்சுதா நைனான்னு கேக்குறான். கேக்கட்டும். நாலு நாள்ல மறந்துடுவானுங்க." பில் புத்தகத்தை ஓரமாகத் தள்ளினார். "போன என் கையால எடுத்து உன் கையில குடுத்தேன்மா. எம் புள்ளைங்க கையிலகூட குடுத்ததில்ல. நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணுன்னு குடுத்தேன்."

நின்ற இடத்திலேயே அழுதேன். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையும் இல்லை. அவர் எழுந்து ஓர் உர கம்பெனி காலண்டரின் போன மாதத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். வழவழ தாள், ஒன்றையும் துடைக்காது.

"அஞ்சாவது தப்பு இன்னா சொன்ன?" என்று திடீரென்று கேட்டார்.

"வேணாம் மாமா…"

"சொல்லு. ஆளக் கேக்கவேண்டியத போனக் கேக்கக் கூடாதுன்னு சொன்னல்ல? அது ஞாயந்தான். அஞ்சு நாளா அதையேதான் நெனச்சுகினு இருக்குறேன்." நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சரி. நேர்லயே கேக்குறேன். உனுக்கு இன்னா புடிக்கும்?"

அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. மூளை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவரோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பதில் சொல்லாவிட்டால் மறுபடியும் அவமானப்படுத்திய மாதிரி ஆகிவிடுமே என்று பதறிப்போய், கடைக்கு எதிரே கண்ணில் பட்ட தள்ளுவண்டியைப் பார்த்தேன்.

"பப்பாளிப்பழம் மாமா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் முகம் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது. போய் முழுப் பழம் ஒன்று வாங்கிவந்து, தன் கையாலேயே பையில் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது ஓலை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. தடை இல்லை. உபதேசியார் பென்டிரைவுக்குத் திரும்பியிருந்தார்.

எனக்குப் பப்பாளி ஆகவே ஆகாது. சின்ன வயதிலிருந்தே. அந்த வாசனைக்கே குமட்டும். இதை நான் கல்யாணத்துக்கு அப்புறம் அமலிடம் மட்டும் சொன்னேன். அவர் கட்டிலில் உருண்டு சிரித்தார், உதவவில்லை. கல்யாணமாகிப் போன முதல் வாரமே மாமா வீட்டுக்குப் பின்னால் நாலு பப்பாளிக் கன்று நட்டார். உரக்கடைக்காரர் வைத்த மரம் எப்படிக் காய்க்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மாம்பழமாவது இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும். பப்பாளிக்குப் பருவமே கிடையாது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த விடுமுறை இரண்டே இரண்டு, என் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்தபோது. பப்பாளியை என் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். மூன்றாவது பெற்றுக்கொள்ளலாமா என்று நான் யோசித்ததுண்டு.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அவரே அறுத்து, விதை நீக்கி, தட்டில் வைத்து என் முன்னால் வைப்பார். நான் முதல் துண்டை வாயில் போடும்போது அமலும் பிள்ளைகளும் அந்த இயந்திர அம்மாவின் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், "கண்ணீருடன் சிரிக்கும் முகம்" என்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். தன்னைப் பற்றிய அந்தப் பழைய கட்டுரையைச் சொல்கிறார்கள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமா இப்போது போன் சரியில்லை என்றால் மறுபடியும் என்னிடம்தான் கொடுக்கிறார். அந்த நம்பிக்கை திரும்பி வர மூன்று வருடம் ஆனது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எழுதுவதில்லை. எதைப் பற்றி எழுதினாலும், அதில் அவர் வந்தால், செயலி எதுவும் இல்லாமல் என் வாயாலேயே அவருக்குப் படித்துக் காட்டிவிடுவது என்று வைத்திருக்கிறேன். இதையும் நேற்று சாயங்காலம் படித்துக் காட்டினேன், அவர் பப்பாளி வாங்கிக் கொடுத்த இடம் வரைக்கும். அதற்குமேல் படிக்க வாய் வரவில்லை.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நல்லா இருக்குதும்மா, போடு" என்றார். பிறகு எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.